பூங்கா டென்னிஸ் தளம்: கொடுங்கையூரில் ஒரு சீரமைப்பும் அதற்கான நிதியும்

எங்கள் பூங்காவின் டென்னிஸ் தளம், கான்கிரீட் மீது அக்ரிலிக் பூச்சு இட்ட வகையைச் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொடுங்கையூரின் தாழ்வான தெருக்களோடு பூங்காவும் நீரில் மூழ்கிக் கிடந்தது. நீர் வடிந்த பிறகு பார்த்தால், தளத்தின் மேற்குப் பாதியில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. வலைக் கம்பங்களின் அடிப்பகுதி துருவேறி உப்பியிருந்தது. கிழக்கு ஓரத்தில் முன்பே இருந்த விரிசல்கள் நாணயத்தைச் செருகும் அளவுக்கு அகன்றிருந்தன. அந்தத் தளத்தை மறுபடியும் ஆடத்தக்கதாக ஆக்கிய வேலையையும், அதற்குப் பணம் வந்த வழியையும், இனி அதைக் காப்பதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டையும் இங்கே எழுதிவைக்கிறேன். கட்டுமான மேற்பார்வையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் தள வேலையை நான் கவனித்துக்கொண்டேன். மனுக்களையும் கணக்கையும் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அம்மையார் ஏற்றுக்கொண்டார்.

முதலில் செய்தது அளவெடுப்பு. இருவர் ஆட்டத்துக்கான கோடுகளுக்குள் டென்னிஸ் தளம் 23.77 மீட்டர் நீளமும் 10.97 மீட்டர் அகலமும் கொண்டது. ஆடுபவர் பின்வாங்கவும் பக்கவாட்டில் ஓடவும் தேவையான இடத்தையும் சேர்த்தால், பொழுதுபோக்கு ஆட்டத்துக்குக் குறைந்தது 34.75 மீட்டர் நீளமும் 17.07 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது ஏறக்குறைய 593 சதுர மீட்டர். இந்தப் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 29,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் விழுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் அது ஒரு மாலைப்பொழுதின் மழைதான். அவ்வளவு நீரும் எந்தப் பக்கம் ஓடும், எங்கே இறங்கும் என்பதற்கு விடை இல்லாமல் மேலே எந்த வண்ணம் பூசினாலும் அது தங்காது. ஆகவே பூச்சைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, வாட்டத்தை, அதாவது நீர் ஓடுவதற்கான சரிவை, பார்த்தோம்.

தளத்துக்கு 100-க்கு 1 என்ற அளவில், ஒரே சரிவாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வாட்டம் இருப்பது நல்லது. 17 மீட்டர் அகலத்துக்கு 17 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் ஆடுபவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நீளவாக்கில் அதே வாட்டம் கொடுத்தால் இறக்கம் 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு பக்கத்து ஆட்டக்காரர் மேட்டிலும் எதிரே இருப்பவர் பள்ளத்திலும் நின்று ஆட நேரிடும். வலைக்குக் கீழே நடுவில் மேடு வைத்து இருபுறமும் சரிப்பதும், நடுவில் பள்ளம் வைத்து அங்கே நீரைச் சேர்ப்பதும் தவறான முறைகள். எங்கள் கொத்தனார் டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் கருவி) பிடித்துப் பார்த்தபோது, கிழக்கிலிருந்து மேற்காக வாட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கு ஓரத்தில், பிற்காலத்தில் போடப்பட்ட நடைபாதை தளத்தைவிட உயரமாக நின்று அணைபோல நீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. “சார், தரை மேல குத்தம் இல்ல, தண்ணி போறதுக்கு வழிதான் இல்ல” என்றார் அவர். தளத்தைப் போட்டவர்கள் ஒரு பணி ஆணையிலும் நடைபாதையைப் போட்டவர்கள் வேறொரு பணி ஆணையிலும் வேலை செய்ததன் விளைவு இது. பூங்காக்களில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கருத்து: தனித்தனியே ஒவ்வொரு வேலையும் சரியாக இருக்கும், சேர்ந்து பார்த்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

நடைபாதைக்கும் தளத்துக்கும் இடையே மூடி போட்ட ஒரு சிறு வடிகால் வெட்டி, அதைத் தெருவின் மழைநீர் வடிகாலில் இணைப்பதற்கு முன்னர், பூங்காவின் ஓரத்தில் உறைக்கிணறு ஒன்றில் வண்டலை நிறுத்தும்படி செய்தோம். தெரு வடிகாலே நிரம்பி வழியும் நாளில் நீர் பின்னோக்கி வரும் என்பதால், இணைப்புக் குழாயின் முனையில் ஒருவழித் தடுப்பான் பொருத்தினோம். மிக்ஜாம் போன்ற வெள்ளத்தை இது தடுக்காது. சாதாரண மழைக்குப் பின் ஒரு மணி நேரத்தில் தளம் வடிந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

வடிகாலுக்குப் பிறகு கிழக்கு ஓரத்து விரிசல்கள். கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து மண் பல இடங்களில் களிப்பாங்கானது. ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்து மணல் போன்றதன்று. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதன் மேல் கிடக்கும் கான்கிரீட் அதற்கேற்ப மேலும் கீழும் அசைந்து பிளவுபடும். இங்கே கூடுதலாக, தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் வேர் தளத்தின் கீழே புகுந்திருந்தது. மரத்தை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, அந்த நிழல்தான் மாலை 4 மணிக்கே குழந்தைகளைத் தளத்துக்கு வரவழைக்கிறது. ஆகவே மரம் இருக்கட்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மரத்துக்கும் தளத்துக்கும் நடுவே, தளத்தை ஒட்டியபடி, இரண்டடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் பள்ளம் வெட்டி, தளத்துக்குள் சென்ற வேர்களை மட்டும் வாளால் சுத்தமாக அறுத்து, தடித்த பாலித்தீன் தகட்டை நிறுத்தி மண்ணை மூடினோம். மரத்தடிக்கு நெருக்கமாகப் போய் வேரை வெட்டினால் அடுத்த புயலில் மரம் சாயும்; வேர்த்தடுப்பைத் தளத்தின் ஓரத்திலேயே வைக்க வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

பிளந்திருந்த கான்கிரீட் பகுதியை முழுவதும் உடைத்து எடுத்தோம். அடியில் இருந்த களிமண்ணை ஓர் அடிக்கு மேல் தோண்டி அகற்றி, கிராவல் இட்டு, நீர் தெளித்து, காம்பாக்டரால் அடுக்கடுக்காக இறுக்கி, அதன் மேல் பாலித்தீன் விரிப்பு போட்டுப் புதிய கான்கிரீட் இட்டோம். பழைய தளத்தின் விளிம்பில் துளையிட்டுக் கம்பிகளைச் செருகியதால், பழையதும் புதியதும் ஒன்றுபோல் நிற்கும், ஒன்று இறங்கி மற்றொன்று நிற்காது. மேற்பரப்பைக் கரண்டியால் வழவழப்பாக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் முன்பே சொல்லியிருந்தேன். துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பு இருந்தால்தான் அக்ரிலிக் பிடிக்கும். பதப்படுத்துவதற்கு ரசாயனக் கலவை எதையும் தெளிக்காமல், பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம். ரசாயனப் படலம் மேலே நின்றுவிட்டால் பூச்சு உரிந்துவிடும். புதிய கான்கிரீட் 28 நாள் முதிரும் வரை அதன் மேல் எதையும் பூசக் கூடாது. இந்தக் காத்திருப்பை ஒப்பந்தக்காரர் யாரும் விரும்புவதில்லை, ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மற்ற இடங்களில் இருந்த மெல்லிய விரிசல்களை ஆங்கிள் கிரைண்டரால் ஆப்பு வடிவில் அகலப்படுத்தி, காற்றால் தூசியை ஊதி, நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் நிரப்பியை இரண்டு முறையாக இட்டோம். ஒரே முறையில் நிரப்பினால் காய்ந்ததும் நடுவில் குழி விழும்.

கொப்புளங்களுக்குக் காரணம் வேறு. தரைக்கு அடியிலிருந்து ஈரம் கான்கிரீட் வழியே மேலேறி, பூச்சின் அடியில் ஆவியாகி அதைத் தள்ளுகிறது. ஈரம் இன்னும் ஏறுகிறதா என்று அறிய, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள தெளிவான பாலித்தீன் தாளைப் பல இடங்களில் விரித்து, நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, பூசும் காலம் வரவில்லை என்று பொருள். மேற்குப் பாதி வடிகால் வெட்டிய பிறகும் பல வாரங்கள் ஈரமாகவே இருந்தது. அது காயும் வரை ஈரம் சேராத கிழக்குப் பாதியில் மற்ற வேலைகளைப் பார்த்தோம்.

பழைய பூச்சில் உறுதியாக ஒட்டியிருந்ததை விட்டுவிட்டு, தட்டினால் பொள்ளென்று ஒலித்த பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தோம். பிறகு தளம் முழுவதையும் நீரால் நிரப்பி, ஒரு மணி நேரம் வடிய விட்டு, நீர் நின்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டோம். தேங்கிய நீரில் ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து, நாணயம் மூழ்கினால் அந்தக் குழியை அக்ரிலிக் பைண்டர், சிலிகா மணல், சிமெண்டு சேர்ந்த கலவையால் நிரப்ப வேண்டும், மூழ்காவிட்டால் விட்டுவிடலாம். இந்தச் சோதனைக்குப் பூங்காவின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினோம், முடிந்ததும் நன்னீரால் கழுவினோம். எங்கள் கிணற்று நீரில் உப்பு மிகுதி. அது காய்ந்தால் தளத்தில் வெள்ளைப் படிவு நிற்கும், அதன் மேல் பூசினால் ஒட்டாது. பூச்சுக் கலவைக்குக் குடிநீரைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை.

பூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமப்படுத்தும் அடிப்பூச்சு, அதன் மேல் மணல் கலந்த வண்ணப் பூச்சு இரண்டு முறை. ரப்பர் விளிம்புள்ள நீண்ட இழுப்பானால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். முந்தைய பூச்சுக்குக் குறுக்காக அடுத்ததை இழுக்க வேண்டும். மணல்தான் காலுக்குப் பிடிப்பும் பந்துக்கு வேகக் கட்டுப்பாடும் தருகிறது. பொதுத் தளத்தில் முதியவர்களும் சிறுவர்களும் ஆடுவதால் சற்று கூடுதல் பிடிப்புள்ள கலவையைக் கேட்டோம். பிப்ரவரி மாதத்தை இதற்குத் தேர்ந்தெடுத்தது, மழையும் விட்டு, தரை சுடவும் தொடங்காத காலம் அது என்பதால். ஏப்ரல், மே மாதங்களின் வெயிலில் பூச்சு இழுக்கும்போதே காய்ந்து தடம் விழும். அதிகாலையில் பனி உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்தினோம். கலவையில் அளவுக்கு மேல் நீர் ஊற்றி வாளிகளைக் குறைப்பது இந்தத் தொழிலில் எளிதான வேலை என்பதால், வாளிகளை மூடி திறக்காமல் பூங்காவின் அறையில் இறக்கச் சொல்லி, காலி வாளிகளை எண்ணி வாங்கிக்கொண்டோம்.

கோடுகளுக்கு வரும்போது, நான்கு பக்கங்களை அளந்தால் போதாது, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இருவர் ஆட்டத் தளத்தின் மூலைவிட்டம் 26.18 மீட்டர், இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் தளம் செவ்வகம். எல்லா அளவுகளும் கோட்டின் வெளி விளிம்பு வரை எடுக்கப்பட வேண்டும், நடுக்கோட்டைத் தவிர. வலைக் கம்பங்களுக்கு இடையே 12.80 மீட்டர், வலையின் உயரம் கம்பத்தில் 1.07 மீட்டர், நடுவில் 0.914 மீட்டர். கடற்காற்று வீசும் ஊரில் சாதாரண இரும்புக் கம்பமும் பூச்சில்லாத எஃகு வடமும் நீடிக்க மாட்டா. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த குழாயும் பிவிசி உறையிட்ட வடமும் வாங்கினோம். வேலியில் வெல்டு வைத்த இடங்களே முதலில் துருவேறும். வெல்டர் பற்றவைத்து முடித்த உடனேயே அந்த இடங்களில் துத்தநாகப் பூச்சு அடிக்கச் செய்தோம்.

அடுத்து, இதற்கெல்லாம் பணம் வந்த விதம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தளம் கெட்டதற்கு மழை ஒரு காரணம் என்றால், அதன் பராமரிப்புக்கென்று எந்தக் கணக்கிலும் ஒரு ரூபாய்கூட எழுதப்படாமல் இருந்தது மற்றொரு காரணம். புதிதாக எதையாவது கட்டுவதற்கு நம் ஊரில் வழிகள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டுக்காக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதன் முதன்மை நோக்கம் நீடித்த பொதுச் சொத்துக்களை உருவாக்குவது. சட்டமன்ற உறுப்பினருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் தனித்தனி நிதி உண்டு. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கப்பட்டபோது அதன் மதிப்பு 4,181 கோடி ரூபாய். பெரு நிறுவனங்கள் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. இவை எல்லாம் நல்ல வழிகள். ஆனால் திறப்பு விழா முடிந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வரும் மறுபூச்சுக்கு, கிழிந்த வலைக்கு, அடைத்துக்கொண்ட வடிகாலுக்கு இவற்றில் எதுவும் தானாக வருவதில்லை.

நாங்கள் முதலில் வார்டில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவுசெய்தோம். வாய்மொழியாகச் சொல்லாமல், படங்களும் அளவுகளும் நீர் தேங்கும் இடங்களின் வரைபடமும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அடுத்து மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் நமக்கு நாமே திட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். இத்திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தருகிறது. மக்களிடம் பங்கு கேட்கும் இந்த முறையில் உடன்பாடில்லாதவர்கள் உண்டு. வரி கட்டும் மக்கள் மறுபடியும் ஏன் பங்கு தர வேண்டும் என்ற அவர்களது கேள்வி நியாயமானது. இருந்தாலும், பங்குதாரர் என்ற முறையில் மதிப்பீட்டைப் பார்க்கவும், அதில் வடிகாலைச் சேர்க்கச் சொல்லவும், வேலை நடக்கும்போது அருகில் நிற்கவும் எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த உரிமைக்கு அந்தப் பங்கு தகும் என்றே நினைக்கிறேன். எங்கள் பங்கில் பாதி, குடும்பங்களின் சிறு தொகைகள். மீதியை அருகிலுள்ள தொழிற்கூடம் ஒன்று கொடுத்தது, தன் பெயரைத் தளத்தில் எழுதக் கூடாது என்ற எங்கள் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு.

மதிப்பீட்டில் வேலிக்கும் விளக்குக்கும் பெருந்தொகையும், வடிகாலுக்கு எதுவுமின்றியும் முதலில் வந்திருந்தது. விளக்குகளில் பாதியை நீக்கி அந்தத் தொகையை வடிகாலுக்கும் அடித்தள வேலைக்கும் மாற்றும்படி எழுத்தில் கேட்டோம். பொறியாளர் வந்து நீர் நின்ற தடத்தை நேரில் பார்த்தபின் அதை ஏற்றுக்கொண்டார்.

பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கலாமா என்ற விவாதம் சங்கத்தில் நீண்டது. 2024 அக்டோபர் இறுதியில், செயற்கைப் புல்தரை கொண்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்துக் கட்டணம் வசூலிக்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டதை எல்லோரும் பார்த்திருந்தோம். கால்பந்தில் ஊறிய வியாசர்பாடிப் பிள்ளைகளிடம் ஆடுவதற்குக் காசு கேட்பது எத்தகைய அநீதியோ, டென்னிஸில் அதைவிடப் பெரிய அநீதி என்பேன். ஏனெனில் இந்த ஆட்டம் ஏற்கெனவே காசுள்ளவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்து அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலக ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். அங்கிருந்து சில மைல் தொலைவில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் மட்டையைத் தொட்டதே இல்லை.

ஆகவே கட்டணம் இல்லை. பெரியவர்கள் விருப்பப்பட்டுத் தரும் மாதச் சந்தா உண்டு, அது தராதவருக்கும் அதே உரிமை உண்டு. மறுபூச்சு ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் என்று கொண்டு, அந்தத் தொகையை இப்போதே ஆறாகப் பிரித்தோம். பேச்சுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம், மாதத்துக்கு 8,333 ரூபாய். 40 குடும்பங்கள் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு 210 ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கிறது, இருவர் கையொப்பமின்றி எடுக்க முடியாது, வலை வாங்குவதற்குக்கூட அதைத் தொடுவதில்லை. மாதக் கணக்கு பூங்காவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. ஒரு தளத்தில் ஒரு நேரத்தில் நால்வர்தானே ஆட முடியும், இதற்கு இத்தனை செலவா என்று கேட்டவர்களுக்குப் பதிலாக, பெரிய தளத்துக்குள்ளேயே மங்கிய வண்ணத்தில் சிறுவர் தளக் கோடுகளையும் வரைந்தோம். 11 மீட்டர் நீளமுள்ள சிறு தளங்கள் நான்கைக் குறுக்குவாட்டில் அமைத்து, மெதுவாக எழும்பும் சிவப்புப் பந்தும் தாழ்ந்த வலையும் கொடுத்தால், ஒரே நேரத்தில் 16 குழந்தைகள் ஆடலாம். மாலை 4 முதல் 6 வரை தளம் அவர்களுக்கே.

வாராந்தர வேலை எளிதானது. மணலி நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் மரத்தின் சருகும் தளத்தில் படிகின்றன. ஈரம் பட்டால் அதில் பாசி பிடிக்கும், சருகின் சாயம் கறையாக நிற்கும். ஆகையால் வாரம் இருமுறை கூட்டுகிறோம். மாதம் ஒருமுறை மெல்லிய நார்த் துடைப்பத்தாலும் சிறிது சோப்புக் கரைசலாலும் கழுவுகிறோம். ஆசிட், அழுத்த நீர்ப் பீய்ச்சி இரண்டுக்கும் தடை. மிதிவண்டி ஓட்டுவதும் கல்யாணப் பந்தலுக்கு நாற்காலி போடுவதும் தளத்தில் கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். பலகையைவிட, காவலர் அண்ணனிடம் சாவி இருப்பதே அதிகம் பயன் தருகிறது. ஆட்டம் முடிந்ததும் வலையைச் சற்றுத் தளர்த்திவிட்டால் கம்பங்களின் மேல் இழுவிசை குறைகிறது.

செப்டம்பர் மாதத்துக்குள் வண்டல் கிணற்றைத் தூர்வார வேண்டும், ஒருவழித் தடுப்பானின் ரப்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், வேர்த்தடுப்பின் மேல் மண் இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும். கிழக்கு ஓரத்துப் புதிய கான்கிரீட்டும் பழையதும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறது; அதன் இரு முனைகளிலும் தேதியிட்டுப் பென்சில் குறி வைத்திருக்கிறேன். பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து, நீண்டிருந்தால் மட்டும் நிரப்பியை இடுவதாக முடிவு. நீக்கிவைத்த விளக்குகளுக்கான விண்ணப்பம் மண்டல அலுவலகத்தில் நிலுவையில் உள்ளது.